கீட்டோவும் ஏழு சுற்று ரவுண்டானாவும்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நன்றாக இருக்கிறோம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பக்கம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிண்ணே, சரிண்ணே" என்று சொல்லிக்கொண்டே வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாய். ஐம்பது வருடமாக உன்னைத் தெரியும். காகிதம் என்றால் குறுக்கே பேச முடியாது, அதுவே பெரிய நிம்மதி.

இரண்டு வாரம் முன்பு போனில் நீ கேட்ட கீட்டோ உணவுப் பட்டியலை நான் அனுப்பப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே. என் புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, பாதியாயிட்டே" என்று நீ சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்தது உண்மை. பதினோரு வாரத்தில் ஒன்பது கிலோ குறைந்ததும் உண்மை. ஆனால் மீதிக் கதையை நான் உன்னிடம் சொல்லவில்லை. நம் இருவருக்கும் ஒரே சர்க்கரை வியாதி, ஒரே மாத்திரை. அப்பா விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான், அதைச் சண்டையில்லாமல் சமமாகப் பங்கு பிரித்துக்கொண்டோம். ஆகவே எனக்கு நடந்தது உனக்கும் நடக்கும்.

பட்டியலைக் கொடுத்தவர் எங்கள் டிரைவிங் ஸ்கூல் முதலாளி. சோறு கிடையாது, ரொட்டி கிடையாது, கிழங்கு கிடையாது, பழத்தைக் கண்ணால் பார்க்கலாம். முட்டை, இறைச்சி, வெண்ணெய், பாலாடைக்கட்டி என்று எண்ணெயும் கொழுப்புமாக வெளுத்துக்கட்டலாம். மாவுச்சத்து உள்ளே போகாவிட்டால் உடம்பு வேறு வழியில்லாமல் சேர்த்துவைத்த கொழுப்பை எடுத்து எரிக்கும் என்பது கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. சோறு போனதும் உடம்பில் இருந்த தண்ணீரும் உப்பும் கூடவே கிளம்பிப் போய்விடுமாம், அது அப்போது எனக்குத் தெரியாது. யாரைப் பார்த்தாலும் எரிச்சல். சிவப்பு விளக்கில் ஒழுங்காக வண்டியை நிறுத்திய ஒரு மாணவரை, ஏன் நிறுத்தினாய் என்று திட்டினேன். அடுத்து கெண்டைக்கால் பிடிப்பு. எங்கள் வண்டியில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் என்பது உனக்குத் தெரியும். என் கால் தன்னிஷ்டத்துக்கு இழுத்துக்கொள்ளும்போதெல்லாம் வண்டி நட்ட நடுரோட்டில் நின்றது. ஓட்டுகிறவர்கள் தாங்கள்தான் தப்புச் செய்தோம் என்று நினைத்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். நானும் பெருந்தன்மையாக மன்னித்தேன். காலைக்கடனைப் பற்றி எழுத வேண்டாம் என்று உன் அண்ணி சொல்கிறாள், எழுதவில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை என்று மட்டும் தெரிந்துகொள்.

மூச்சு நாற்றத்தைக் கண்டுபிடித்தது ஒரு மாணவி. பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். மூன்று மாதமாக என்னிடம் வண்டி பழகுகிறாள், பயந்த சுபாவம். அழுகிய பழத்தையும் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தையும் கலந்தது போல ஒரு வாடை என்று உன் அண்ணி முன்பே சொல்லியிருந்தாள், நான் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணோ மழை பெய்யும்போதும் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினாள். ஒருநாள் வாய் கொப்பளிக்கும் மருந்து ஒரு பாட்டிலை என் முன்னால் வைத்து, கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொடுத்தது என்றாள். பாட்டிலில் விலைச்சீட்டு கிழிக்காமலே இருந்தது.

இத்தனையிலும் நான் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள், எனக்கு மறைக்கச் சோறும் இல்லை. ஏன் மறைத்தேன் என்று உன் அண்ணியும் கேட்டாள். உன்னிடம் சொல்கிறேன். அந்த டாக்டர் ஆறு வருடமாக என் வயிற்றைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், அதே மாத்திரையை எழுதுவார். அவர் எதிரே ஒருநாள் ஒல்லியாகப் போய் நின்று, அந்த முகத்தில் ஓர் ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஐம்பத்தாறு வயதில் இப்படி ஓர் ஆசை. அதற்காக நாள் குறித்து வைத்திருந்தேன். அதுவரை மாத்திரையை மட்டும் காலையும் மாலையும் தவறாமல் போட்டுக்கொண்டேன். மருந்து விஷயத்தில் நான் ஒழுங்கானவன் அல்லவா, அந்த ஒழுங்குதான் என்னைக் கவிழ்த்தது.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பல் டாக்டர் உதவியாளப் பெண்ணுக்குப் பாடம். காலையில் இரண்டு முட்டையும் மாத்திரையும்தான் சாப்பாடு. ரவுண்டானாவுக்குள் போகும்போது எனக்குக் கை லேசாக நடுங்கியது, வியர்த்துச் சட்டை நனைந்துவிட்டது. எந்த வழியில் வெளியே போக வேண்டும் என்று நான் சொல்ல வேண்டிய இடம் வந்தது. எனக்கு எந்தத் தெருவும் அடையாளம் தெரியவில்லை. "இன்னொரு சுற்று" என்றேன். அடுத்த சுற்றிலும் அதையே சொன்னேன். என் வண்டியின் முன்பக்கத்தில் நானே எழுதி ஒட்டியிருக்கும் விதி உனக்கு நினைவிருக்கும்: வாத்தியார் சொல்வதைச் செய், நீயாக யோசிக்காதே. அந்தப் பெண்ணும் யோசிக்கவில்லை. சிக்னல் போட்டாள், கண்ணாடி பார்த்தாள், சுற்றினாள். ஓரத்தில் பழக்கடைக்காரர் ஒருவர் வியாபாரத்தை விட்டுவிட்டு எங்களை எண்ணிக்கொண்டிருந்தாராம். ஏழாவது சுற்றில் அவள், "சார், நாம எங்கதான் போறோம்?" என்று கேட்டிருக்கிறாள். நான் மிகுந்த மரியாதையோடு, "முட்டை வேகட்டும்மா" என்று பதில் சொன்னேனாம்.

அப்போதுதான் அவள் முதன்முறையாக விதியை மீறினாள். தானாக ஒரு வழியில் வெளியே வந்து, இரண்டு லாரிகளுக்கு நடுவே பின்னால் எடுத்து, கோடு போட்டது போல வண்டியை நிறுத்தியிருக்கிறாள். மூன்று மாதமாக நான் தொண்டை வற்றக் கத்தியும் அவளுக்கு வராத வித்தை அது. அன்றைக்கு அது வந்தது, நான்தான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. பிறகு அவள் தன் கைப்பையைத் திறந்தாள். பல் டாக்டரிடம் வேலை செய்கிறவள் பைக்குள் ஒரு கை நிறைய மிட்டாய். ஒவ்வொன்றாக என் வாயில் திணித்து, "கடிச்சு முழுங்குங்க சார், இதை மட்டும் எங்க டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். கால் மணி நேரத்தில் எனக்கு ஊரும் பேரும் திரும்பி வந்தன. மிட்டாய் இறங்கிய பிறகும், அவள் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் பார்த்தபோது சர்க்கரை ஐம்பத்தெட்டு, எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாதாம். முதலில் எவ்வளவு இருந்திருக்கும் என்பதை, நான் ஒளித்துவைத்த அதே டாக்டர் என் ஊகத்துக்கு விட்டுவிட்டார்.

அவர் திட்டவில்லை. அமைதியாகச் சொன்னார். நாம் போடுகிற மாத்திரை, நாம் சோறு தின்போம் என்று நம்பி வேலை செய்கிறது. சோறு வராவிட்டால் அது சும்மா இருக்காது, இரத்தத்தில் இருக்கும் கொஞ்சநஞ்சத்தையும் துடைத்துவிடும். சாப்பாட்டை மாற்றும் அன்றே மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டும், அதை நானாக மாற்றக் கூடாது, அவர்தான் செய்ய வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைக் கேட்க அவர் அறைக்கு நான் பதினோரு வாரம் முன்பே போயிருந்தால் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

தம்பி, எனக்குப் பக்கத்தில் ஒருத்தி இருந்தாள். நீ நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேன் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து இரும்பைத் தூக்கி ஆட்களின் தலைக்கு மேலே கொண்டுபோகிறவன். உன் கை நடுங்கினால் மிட்டாய் தர அங்கே யாரும் இல்லை. கீழே நிற்கிறவர்களுக்கும் வீட்டில் ஆள் இருக்கிறது. செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்கு இது ஒன்றுதான் பயம், வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. ஆகவே அந்தக் கீட்டோ பக்கமே தலை வைத்துப் படுக்காதே. தொப்பையோடு இரு. தொப்பை எந்தக் கிரேனையும் கவிழ்த்ததில்லை.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், நீ நீண்ட நாள் வாழ்ந்து என்னோடு சண்டை போடு.

இப்படிக்கு,
உன் நன்மையைத் தவிர வேறு வேலையில்லாத
அண்ணன்

பி.கு: கவரை ஒட்டும் முன் என் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மேலே எழுதியதில் முக்கால்வாசியை அடித்துவிடலாம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஒன்பதரையிலிருந்து ஏழுக்கு இறங்கியிருக்கிறது. கெட்ட கொழுப்பு ஏறியிருக்கிறது, அதற்கு வெண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். மற்றபடி மாத்திரையைப் பாதியாக்கி, கொஞ்சம் பருப்பும் காயும் சேர்த்து, அவர் கண்காணிப்பில் தொடரலாமாம். உணவின் மேல் குற்றமில்லை, அதை ஒளித்துச் செய்த என் மேல்தான். இதைச் சொல்ல உனக்குப் போன் போட்டேன், உன் மனைவிதான் எடுத்தாள். "மாமா, நீங்க பட்டியல் அனுப்பலைன்னு அவரே ஆரம்பிச்சுட்டாரு, பத்து நாளா சோறே தொடலை, முட்டையாத் திங்குறாரு. உங்களுக்குச் சர்ப்ரைஸாம். மாத்திரை மட்டும் கரெக்டா போட்டுடுறாரு" என்றாள். இன்றைக்கு நீ சாப்பிட்டே ஆக வேண்டும், நாளை மேலே ஏறவே கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். உன் பூட்ஸை ஒளித்துவைப்பதாகச் சொன்னாள். தபால் வந்து சேர நான்கு நாள் ஆகும், அதனால் தபாலை நம்பவில்லை, ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கடிதத்தையும் கையோடு கொண்டுவருகிறேன், இதை நீ படிக்கும்போது நான் உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். படித்து முடித்துவிட்டாய் அல்லவா, எழுந்து சட்டையைப் போடு. டாக்டரிடம் போகலாம்.