கதவோரத்துக்கு நாடு கடத்தப்பட்ட மந்திரவாதி

பயம் வந்தால் என்னை விட்டு முதலில் ஓடுவது மூளை. அடுத்தது குரல். உடம்பு மட்டும் விசுவாசமாக நின்று வியர்க்கும்.

மாரிக்குப்பத்தில் கிளம்பி பெங்களூர் போகும் விடிகாலை ரயிலில் எங்கள் ஆறு இடங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. அங்கே யாரும் சும்மா உட்கார முடியாது. ஸ்டெல்லா அக்கா இட்லி கொண்டு வருவார். கௌதமன் அண்ணன் பேப்பரை உரக்கப் படிப்பார். என் பங்கு, கதை.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது மந்திரப் பள்ளிக் கதை. மூடிய தங்கச் சுரங்கத்தின் அடியில், தண்ணீருக்கும் கீழே ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் கேஜ் என்ற இரும்புக்கூண்டு லிஃப்டில் ஏறி இறங்குவார்கள். செல்வி என்ற சிறுமி விளக்கேற்ற மந்திரம் சொன்னால் மழை கொட்டும். உடனே தலைமையாசிரியை, "இன்னொரு தப்பு பண்ணா கேஜுல ஏத்தி மேல அனுப்பிடுவேன்!" என்பார். தினமும் இதைச் சொல்வார். (எனக்கு வேறு வசனம் தெரியாது.)

ஒரு நாள் ஸ்டெல்லா அக்கா பொங்கிவிட்டார்.

"இன்னா தம்பி, எப்பப் பாரு அந்தப் புள்ளையை மெரட்டிகினே கீறா? பயந்துகினு இருந்தா மந்திரம் எப்படி வரும்?"

"மந்திரம்க்கா! ஒருத்தி தப்பு பண்ணா சுரங்கத்துல மொத்த லெவலும் முழுகிடும். மெரட்டுனாத்தான் கவனமா இருப்பாங்க."

"தம்பி சொல்றது நியாயந்தான்" என்றார் கௌதமன் அண்ணன், இட்லிக்கு நடுவில்.

"அப்படியா? நாளைக்குக் கதைல ஒரு தப்பு வரட்டும். இனிமே உனக்கு சீட் கிடையாது. கதவாண்ட நின்னுகினு வா."

எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் சிரித்தேன். வீடு திரும்பியதும் முழங்கால் சிரிப்பை நிறுத்திவிட்டது. தினமும் பெங்களூர் வரை நிற்பதா?

மறுநாள் பனி மூட்டம். நிலா வெளிச்சத்தில், தங்கம் பிரித்த பின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் வெள்ளை வெளேரென்று மிதந்து பின்னால் போயின. ரயிலே தூக்கத்தில் நடப்பது போலிருந்தது. நான் வாய் திறந்தேன்.

கேஜ் மேல்நோக்கி இறங்கியது. செல்விக்கு ஸ்டெல்லா என்று பெயர் மாறியது. தலைமையாசிரியை மீசையை முறுக்கினார்.

"டீச்சரம்மாவுக்கு எப்ப மீசை மொளைச்சுது?" என்றார் அண்ணன்.

பதறிப்போய் செல்வியை மந்திரம் சொல்ல வைத்தேன். வாயில் வந்ததோ கன்னட ஸ்டேஷன் அறிவிப்பு: "பிரயாணிகரே, தயவிட்டு கமனிசி!" பெட்டியே சிரிப்பில் குலுங்கியது.

"எழுந்திரு" என்றார் அக்கா.

கதவோரம் போனேன். குளிர்காற்று. வெளியே வயல் இல்லை, மரம் இல்லை, பனி மட்டும். இனி பறிக்க என்னிடம் எதுவுமில்லை என்று தோன்றியதும் உடம்பு லேசானது. பனிக்குள் ஒரு கேஜ் மெல்ல மேலே வந்தது. வெளியேற்றப்பட்ட செல்வி அதிலிருந்து இறங்கினாள். யாரும் பார்க்கவில்லை என்பதால் மந்திரத்தை மெதுவாகச் சொன்னாள். வெள்ளை மேடு முழுவதும் விளக்குகள் பூத்தன. நான் இதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது, அண்ணனும் அக்காவும் உட்பட கூட்டம் என்னைச் சுற்றி நின்றதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"பாத்தியா, தொரத்துனதாலதான் நல்லா வந்துச்சி!" என்றார் அண்ணன்.

"தொரத்துற வரைக்கும்தான்யா பயம். அப்புறம் இன்னா பயம்? மெரட்டலாலதான் உளறிச்சி!" என்றார் அக்கா.

தீர்ப்பு இன்றுவரை வரவில்லை. என் சீட்டும் வரவில்லை. நின்றால்தான் எனக்குக் கதை வருகிறது என்ற ஒன்றில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

விஷயம் வீட்டுக்கும் போய்விட்டது. போன மாதம் ஸ்கெலட்டன் என்ற எங்கள் ஊர்ப் பகுதியில் ஒரு கல்யாண விருந்து. யாரோ எனக்கு நாற்காலி போட்டார்கள். என் மனைவி அதை இழுத்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "அவருக்கு வாணாங்க. உக்காந்தா உளறுவாரு."

பிரியாணியை நின்றே சாப்பிட்டேன்.