ஏழு சதவீத ஈரம்

“எப்பம் எடுக்காவ?” என்று கேட்டாள் விறகுக்கடை சுடலைவடிவு.

“எதை?” என்றார் கபிரியேல்.

“பொணத்தத்தான். வயசாளியா அண்ணாச்சி?”

“யாரும் சாகல! இது ஆட்டுத்தொடை வேக வைக்க. தீ படாம, புகையிலயே, ஆறு மணி நேரம். பைய பைய வேகணும்.”

சுடலைவடிவு தாடையில் கை வைத்தாள். “ஒரு ஆளு எரியதுக்கே நாலு மணி நேரம் போதும். அந்த ஆடு அப்படி என்ன பாவம் செஞ்சுது?”

துறைமுக அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருஷம் கோப்புகளை மேய்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர் விறகுக்கடையிலெல்லாம் விளக்கம் சொல்வதில்லை. கபிரியேல் சட்டைப்பையிலிருந்து மீட்டரை எடுத்தார். இரண்டு முள் வைத்த சின்னக் கருவி. மரத்தில் குத்தினால் எத்தனை சதவீதம் ஈரம் என்று எண் காட்டும். இருபதுக்குக் கீழே இருந்தால் நல்ல புகை, மேலே போனால் கறி கசக்கும் என்று வீடியோவில் ஒரு தாடிக்காரன் அடித்துச் சொல்லியிருந்தான்.

சுடலைவடிவு இரண்டு புளியங்கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். டங் என்று கேட்டது. “ஒரு வருசம் காஞ்சது. முனையில வெடிப்பப் பாத்தியளா? இதுக்கு மேல என்ன மீட்டரு?”

“எனக்குப் பழ மரந்தான் வேணும்.”

“புளியில என்ன காய்க்கு, போண்டாவா?”

அவர் மூலையில் கிடந்த கொய்யாவைக் காட்டினார்.

“அது முந்தாநாள் வெட்டுனது. பச்ச.” அதையும் தட்டிக் காட்டினாள். மொத்தென்றது.

கபிரியேல் மீட்டரைக் கொய்யாப் பட்டையில் குத்தினார். பதினெட்டு. “மெஷின் பொய் சொல்லாது” என்றார்.

“மெஷின வச்சிருக்கவுகதானே சொல்லுவாவ” என்றபடி அவள் கட்டைகளைக் காரில் ஏற்றினாள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு போன். பாளையங்கோட்டை வீட்டுக்கு ஞாயிறு மதியம் மகள் ஸ்டெஃபியைப் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை ஜெர்வின், அவன் அம்மா விக்டோரியா, அப்பா அலெக்ஸ். அலெக்ஸ் கப்பலில் இன்ஜினியராக உலகம் சுற்றியவர். “டெக்சாஸ்ல சாப்பிட்ட பார்பிக்யூவ இந்த நாக்கு இன்னும் மறக்கல” என்று அவர் போனில் சொல்ல, “நம்ம வீட்லயும் ஞாயித்துக்கெழம அதான் வழக்கம்” என்று கபிரியேல் சொல்லிவிட்டார். புகை போடும் டிரம்மை மறுநாள்தான் வாங்கினார்.

“ஏற்கெனவே ரெண்டு சம்மந்தம் ஒங்க வாயால போச்சு” என்றாள் மனைவி ஃபிளோரா. “இது மட்டும் போகட்டும், அந்த டிரம்முக்குள்ள நீங்கதான் இருப்பிய.”

வீட்டுக்கு வந்த கொய்யாவை ஸ்டெஃபி பார்த்தாள். “அப்பா, பட்டையில குத்துனா எப்படி? பொளந்து உள்ள குத்துங்க.”

பிளந்து குத்தினார். நாற்பத்தொன்று.

அன்று வியாழன். வெள்ளிக்கிழமை வெயிலில் மொட்டைமாடியில் பரப்பினார். மணிக்கொரு முறை ஏறிப்போய்க் குத்திப் பார்த்தார். முப்பத்தொன்பது. முப்பத்தெட்டு. படியேறி முழங்கால் வலித்ததுதான் மிச்சம். சனிக்கிழமை விடிய மேற்கேயிருந்து சாரல் வந்தது. தார்ப்பாயைத் தேடி எடுத்துக்கொண்டு போவதற்குள் நாற்பத்தாறு.

ஸ்டெஃபியின் ஹேர் டிரையரை எடுத்துக் கட்டைகளுக்கு வரிசையாகக் காற்று காட்டினார். ஐந்தாவது கட்டையில் டிரையர் ஒரு முறை இருமிவிட்டு நின்றது. அந்த வாரத்தில் அவர் கையில் ஒழுங்காகப் புகைந்த முதல் பொருள் அதுதான்.

அடுத்து, ஃபிளோராவின் கேக் அடுப்பு. ஆறு கட்டையை உள்ளே அடுக்கி முழுச் சூட்டில் வைத்தார். பத்தாவது நிமிஷம் கட்டைப் பொந்துக்குள் குடியிருந்த செவ்வெறும்புகள் மொத்தமாகக் காலி செய்து, மேஜையில் இருந்த கேக் மாவுக்குள் புகுந்தன. பன்னிரண்டாவது நிமிஷம் பியூஸ் போயிற்று.

“கேக்கும் போச்சா?” என்றாள் ஃபிளோரா, இருண்டுபோன அடுப்பங்கரையில்.

“ஈரம் ரெண்டு சதவீதம் கொறஞ்சிருக்கு” என்றார் கபிரியேல்.

அன்று சாயங்காலம் அவள் வாசலில் நின்று, கார் ஷெட்டைக் காட்டி, ஏதோ நீளமாகச் சொன்னாள். அவர் காதில் ஒயர், அதற்குள் தாடிக்காரன். “சரி சரி” என்றார். முப்பது வருஷமாக மனைவி சொல்லும் எதற்கும் அவர் தந்துவந்த முழுப் பதில் அது.

ஞாயிறு காலை ஆறு மணி. தாயும் மகளும் முதல் பூசைக்குப் போயிருந்தார்கள். தொடை மசாலாவில் ஊறிக்கிடந்தது. டிரம் வாயைத் திறந்து காத்திருந்தது. கபிரியேல் வீட்டுக்கும் கேட்டுக்குமாக ஒன்பது முறை நடந்தார். சுடலைவடிவின் கடைக்குப் போய்ப் புளியைக் கேட்கலாம். ஆனால் அவள் சிரிப்பாள். அதைவிடச் சம்மந்தம் போகட்டும் என்று ஒரு கணம் தோன்றியது.

அப்போதுதான் கார் ஷெட்டில் அதைக் கண்டார். சாக்குக்கு அடியில், பாலிஷ் போன பழைய தேக்குப் பலகைகள். ஓரத்தில் பூ வேலை. நடுவே சல்லடை மாதிரித் துளை போட்ட ஒரு சின்னப் பலகை. துணிமணிக்குக் காற்றுப் போகட்டும் என்று வைத்திருப்பார்கள். மாமியார் சீதனமாகக் கொடுத்த அலமாரியேதான்! தூக்கி எறி, தூக்கி எறி என்று முப்பது வருஷம் சொன்னதற்கு ஃபிளோரா ஒருவழியாகக் கழற்றிப் போட்டிருக்கிறாள்.

மீட்டரைக் குத்தினார்.

ஏழு.

தன்னையறியாமல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் கோடரியை எடுத்தார்.

பன்னிரண்டரைக்கு எல்லோரும் கொல்லைப்புற மாமரத்தடியில் உட்கார்ந்தார்கள். டிரம்மிலிருந்து மெல்லிய நீலப் புகை கிளம்பி, காற்று திரும்பி, சம்மந்தக்காரர்களைச் சுற்றியே வளைய வந்தது. கறி பஞ்சாகப் பிரிந்தது. கபிரியேல் அலெக்ஸின் வாயையே பார்த்தார்.

அலெக்ஸ் ஒரு துண்டை மென்று கண்ணை மூடினார். “ஆகா. அப்படியே டெக்சாஸ்…” என்றவர் நிறுத்தினார். விழுங்கினார். “பொய்வே. நான் டெக்சாஸ்ல கரையே எறங்கல. பாஸ் கிடைக்கல. நாலு நாளும் கப்பல்லயே மோர்க்குழம்புதான்.”

“அப்பம் இருவது வருசமா சொன்ன கதை?” என்றாள் விக்டோரியா. கொஞ்சம் புகையை இழுத்தாள். “சரி, நானும் சொல்லிருதேன். ஊரே புகழுத என் மீன்குழம்பு, பக்கத்து வீட்டு ரீபா வைக்கது. நான் சட்டி மட்டுந்தான் மாத்துவேன்.”

“அடிப் பாவி” என்றார் அலெக்ஸ், இரண்டாவது துண்டை எடுத்தபடி.

ஜெர்வின் தொண்டையைச் செருமினான். “எனக்கு மார்ச்சுலயே வேல போயிட்டு. தெனம் சட்டைய மாட்டிக்கிட்டு லேப்டாப் முன்னால உக்காந்து செஸ் வெளையாடுதேன்.”

கபிரியேலுக்கு மாமரம் சுற்றியது. மூன்றாவது சம்மந்தம். இந்தத் தடவை தன் வாய் காரணமில்லை என்பதை யார் நம்புவார்கள்?

“எனக்குத் தெரியும்” என்றாள் ஸ்டெஃபி.

“ஒனக்கு எப்படிட்டி தெரியும்?”

“நாங்க ரெண்டு வருசமா பேசிக்கிட்டுத்தானப்பா இருக்கோம். தரகர்ட்ட ரெண்டு போட்டோவையும் குடுத்ததே நாங்கதான்.”

எல்லோரும் ஃபிளோராவைப் பார்த்தார்கள். “என்னைய என்ன பாக்கிய? இந்தக் கறி வெளங்காதுன்னு ஓட்டல் பிரியாணி வாங்கி அடுப்பங்கரையில ஒளிச்சு வச்சிருக்கேன். அவ்ளோதான்.”

கோபப்பட வேண்டியதுதான். ஆனால் யார் யாரைக் கோபிப்பது? மேலே இருந்து கீழே பார்க்க அங்கே ஒருத்தர் பாக்கியில்லை. முதலில் சிரித்தது அலெக்ஸ்தான். “இனி ஒளிக்க என்ன இருக்கு சம்மந்தி? ஆவணியில வச்சிருவோம்.”

சம்மந்தி! கபிரியேலுக்கு உள்ளே ஏதோ அவிழ்ந்தது. நாக்கு நுனி அரித்தது. காலையிலிருந்து அடக்கியது தானாக வெளியே வந்தது.

“ஃபிளோரா, நானும் ஒண்ணு சொல்லணும். ஒங்க அம்மா குடுத்த அலமாரியப் பொளந்துதான் இந்தக் கறிய வேக வச்சேன்.”

“அலமாரியா?” என்றாள் அவள். “அது மச்சுலல்லா நிக்கி?”

“அப்பம் ஷெட்டுல கெடந்தது?”

ஃபிளோராவின் கை வாய்க்குப் போயிற்று. அதே நேரம் கேட் கிரீச்சிட்டது. கோயில் கூட்டும் பாக்கியவதி தலையில் சும்மாட்டோடு உள்ளே வந்து, மூக்கை உறிஞ்சிப் புகையை மோந்துகொண்டு சொன்னாள்:

“கோயில்ல தரை வேல முடிஞ்சிட்டும்மா, திரும்ப மாட்ட ஆசாரியும் வந்துட்டாரு. நேத்து ஒங்க ஷெட்டுல வச்ச பலகையச் சாமியார் எடுத்தாரச் சொன்னாவ. அதான், நூறு வருசமா ஊரு சனம் முட்டுப் போட்டுப் பாவத்தையெல்லாம் சொன்ன பாவசங்கீர்த்தனப் பெட்டி.”