நாற்பத்தோராவது ஆள்

"ஒரே ஒரு ஆளுக்காக நாலு லட்சத்து எண்பதாயிரம் கூடுதலா?" ராஜராஜன் கொட்டேஷனை மேஜைமேல் போட்டார். "யாருய்யா அவன்? அப்படி என்ன வேலை பார்த்துக் கிழிக்கிறான்?"

மேனேஜர் பட்டாபிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அய்யனார், முதலாளி."

ராஜராஜன் செருப்பை உதறிவிட்டு எழுந்தார். சுவரில் குதிரைமேல் வீற்றிருந்த அய்யனார் படத்தைப் பார்த்துப் படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன? அவன் இவன்னு பேச விட்டுட்டீங்களே!"

மன்னார்குடியில் அந்த ரைஸ் மில்லை ஆரம்பித்தபோதே ராஜராஜனின் தாத்தா அய்யனாரை முதல் பங்குதாரராகச் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து மில்லில் எந்தப் பட்டியல் போட்டாலும் முதல் பெயர் அவருடையதுதான். சம்பளப் பட்டியலில் அவர் உண்டு. அந்தப் பணம் உண்டியலுக்குப் போய்விடும். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் உண்டு. அது எங்கே போகிறது என்று வாட்ச்மேனுக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டர் வந்தபோது அதிலும் முதல் ஐடி அவர் பெயரில்.

இதுவரை அதனால் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. மில் முழுவதுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அது தினசரிக் காலண்டர் அட்டையில் எழுதியிருக்கும். வருஷம் பிறந்தால் யாராவது புதுக் காலண்டருக்கு மாற்றி எழுதிவிடுவார்கள்.

சிங்கப்பூர்க்காரன்தான் கெடுத்தான். மில்லில் யார் எதைத் திறக்கிறார்கள், யார் எதற்கு ஒப்புதல் தருகிறார்கள் என்பதற்கு ஆளுக்கொரு ஐடியும் அதைக் காவல் காக்க ஒரு சாஃப்ட்வேரும் இருந்தால்தான் அரிசி வாங்குவேன் என்று சொல்லிவிட்டான். சென்னைக் கம்பெனி ஒன்று ஒரு மாதச் சோதனைக்குச் சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தது. மாதக் கடைசியில் தலையை எண்ணி வருஷக் கட்டணம் தீட்டுவார்கள். நாற்பது பேர் வரை நாலு லட்சத்து எண்பதாயிரம். ஒரு தலை கூடினாலும் அடுத்த ஸ்லாப், அப்படியே இரட்டிப்பு. இப்போதைக்குக் கொட்டேஷன் பட்டியலில் இருந்த பெயர்களுக்கு, அய்யனாரோடு சேர்த்து நாற்பத்தொன்று.

"அந்த ஸ்லாப்ல நூறு பேர் வரைக்கும் சேத்துக்கலாம் முதலாளி."

"மீதி ஐம்பத்தொம்பது பேருக்கு நான் எங்க போறது? இதபாருங்க மேனேஜரே, அய்யனாரைத் தொடக் கூடாது. மாசக் கடைசியில நாப்பதுதான் இருக்கணும். உங்களால முடியலேன்னா யாரை எடுக்கறதுன்னு நான் முடிவு பண்றேன்."

சொல்லிவிட்டு அவர் பட்டாபிராமனின் நரைத்த தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பட்டாபிராமனுக்கு அறுபது முடிந்து எக்ஸ்டென்ஷனில் ஓடுகிறது. பார்வையின் பொருளை விளக்க ஆள் தேவைப்படவில்லை.

அன்று மாலையே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். குத்தாலம் கொள்முதல் யார்டில் எடைமேடைக்கு சிங்காரவேலு. மன்னார்குடி எடைமேடைக்கு சபரிநாதன். வேலை ஒன்றுதானே? இரண்டு பேருக்கும் ஒரே ஐடி. ஆக நாற்பது.

மறுநாள் காலை சிங்காரவேலு குத்தாலத்தில் ஒரு லாரியை எடை போட்டான். மூன்றாவது நிமிடம் அதே சிங்காரவேலு ஐம்பது கிலோமீட்டர் தள்ளி மன்னார்குடியில் ஒரு டிராக்டரை எடை போட்டான். சாஃப்ட்வேர் இவன் மனிதனே இல்லை என்று முடிவுகட்டி, இரண்டு எடைமேடையையும் பூட்டிவிட்டது.

"சார், நான் குத்தாலத்துலதான் இருக்கேன்னு அதுகிட்ட சொல்லுங்க சார்!" போனில் சிங்காரவேலு அலறினான்.

"நீ மன்னார்குடியிலயும் இருக்கேன்னு அது சொல்றதுப்பா."

"ஐயோ, அப்ப நான் எங்க சார் இருக்கேன்?"

தூறல் வேறு ஆரம்பித்தது. நெல் வண்டிகள் மெயின் ரோடு வரை நின்றன. டிராக்டர்மேல் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த சௌந்தரநாயகி அம்மாள் ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"என்னா மேனேஜரே, நெல்லு முளைச்சு நாத்தா ஆனப்புறம்தான் எடை போடுவீங்களா? சொல்லிடுங்க, இப்படியே கொண்டுபோய் நட்டுடறேன்!"

மத்தியானத்துக்குள் சிங்காரவேலுவும் சபரிநாதனும் மறுபடி இரண்டு பேர் ஆனார்கள். ஆக நாற்பத்தொன்று.

பட்டாபிராமன் சென்னைக்குப் போன் போட்டார். அங்கே ஷைலஜா என்று ஒரு பெண், இவர்கள் மில்லைப் பார்த்துக்கொள்பவள். என்ன கேட்டாலும் இனிமையாகப் பதில் சொல்வாள். கேட்காததைச் சொல்ல மாட்டாள்.

"ஒருத்தர் மட்டும் கொஞ்சம் ஸ்பெஷல்மா. அவரை எந்த வகையில போடறதுன்னு தெரியல."

"பேர் சொல்லுங்க சார்."

"அய்யனார்."

"எந்த பிராஞ்ச்?"

பட்டாபிராமன் யோசித்தார். "எல்லா பிராஞ்சும்."

"ஓ, சுத்திட்டே இருப்பாரா?"

"ராத்திரியிலதான் சுத்துவார்னு சொல்லுவாங்க."

"நைட் ஷிஃப்ட். சரி. யாருக்கு ரிப்போர்ட் பண்றார்?"

"அவருக்கு மேல யாரும் இல்லம்மா. எங்க முதலாளியே அவர் உத்தரவைத்தான் கேட்பார்."

"அப்ப சேர்மன்னு போட்டுக்கறேன் சார்."

சாமி என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. ஆனால் இல்லாத ஆள் பெயரில் ஐடி இருக்கிறது என்று அவள் எழுதிவிட்டால் சிங்கப்பூர் ஆர்டர் போய்விடும். இல்லாத ஆள் என்று முதலாளி காதில் விழுந்தால் வேலையே போய்விடும். பட்டாபிராமன் வாயை மூடிக்கொண்டார்.

"மனுஷங்க கணக்குல வராதவங்களுக்கு ஏதாவது ரேட் உண்டாம்மா?"

"மெஷின் ஐடியா சார்? அது ஒண்ணு ஆறு பேருக்குச் சமம்."

"வேண்டாம், வேண்டாம்."

"பங்குதாரர்னு சொன்னா வெளியாள் வகையில போடலாம் சார். அஞ்சு பேர் வரைக்கும் ஃப்ரீ. ஆனா அவரே மொபைல்ல பதிவு பண்ணி, பாதுகாப்பு ட்ரெயினிங் முடிக்கணும். ஒரு நம்பருக்கு ஒருத்தர்தான்."

பட்டாபிராமன் தன் நம்பரைத் தனக்கே கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இன்னொரு நம்பர் மனைவி மதுரத்துடையது.

"ஏன்னா," மறுநாள் காலை மதுரம் மொபைலைத் தூரமாகப் பிடித்துப் படித்தாள். "'நல்வரவு அய்யனார்'னு எனக்கு வந்திருக்கு. யாரது?"

"அந்த ஓடிபியைச் சொல்லு."

"யார்கிட்டேயும் சொல்லாதேன்னு போட்டிருக்கே?"

"நான் யாரோவா?"

"நீங்க யாருங்கறது எனக்குத் தெரியும். அங்கே யாருன்னு போட்டுக்கறேள்?"

அவர் விஷயத்தைச் சொன்னார். இது நடக்காவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து வீட்டோடுதான் என்றும் சொன்னார். மதுரத்துக்குப் பகீரென்றது. போன வருஷம் காய்ச்சலில் அவர் மூன்று வாரம் வீட்டில் இருந்தார். அடுக்களை டப்பா ஒவ்வொன்றுக்கும் லேபிள் ஒட்டினார். துவரம் பருப்புக்கு ஓப்பனிங் ஸ்டாக் கேட்டார். ஒரு கரண்டி குறைந்ததற்கு விளக்கம் கேட்டார்.

"எழுதிக்கோங்கோ," என்று ஓடிபியைச் சொன்னாள்.

அடுத்தது ட்ரெயினிங். திரையில் முதல் கேள்வி வந்தது: 'முன்பின் தெரியாத ஒருவர் அவசரம் என்று உங்களிடம் உதவி கேட்கிறார். என்ன செய்வீர்கள்?' உடனே உதவுவேன் என்று ஒரு பதில். மறுத்துவிட்டுப் புகார் கொடுப்பேன் என்று இன்னொன்று.

தன் பெயரில் என்றால் பட்டாபிராமன் யோசிக்காமல் மறுத்திருப்பார். அய்யனார் பெயரில் எப்படி மறுப்பது? 'உடனே உதவுவேன்' என்பதைத் தொட்டார்.

'தவறு. மீண்டும் முயலவும்.'

"சாமி ஃபெயிலாயிட்டாரா?" மதுரம் எட்டிப் பார்த்தாள்.

"சும்மா இரு."

கண்ணை மூடிக்கொண்டு அடுத்த பதிலைத் தொட்டார். தொட்ட கையாலேயே கன்னத்திலும் போட்டுக்கொண்டார். இப்படியாக அய்யனார் ட்ரெயினிங்கில் தேறினார்.

கடைசியில் ஒரு எச்சரிக்கை வந்தது. தொடர்ந்து பயன்படுத்தாத வெளியாள் கணக்கு தானாக நீக்கப்படுமாம். அய்யனாரைக் காணோம் என்றால் முதலாளி என்ன ஆட்டம் ஆடுவார் என்று பட்டாபிராமனுக்குத் தெரியும்.

"மதுரம், தினம் கார்த்தால ஒரு தடவை உள்ளே போயிட்டு வந்துடு."

மதுரம் வேலையைச் சுத்தமாகச் செய்கிறவள். குளித்தாள், விளக்கேற்றினாள், அய்யனாராக லாகின் பண்ணினாள், அப்புறம்தான் காபி.

மில்லில் நாற்பது பேர். வெளியாள் ஒருவர், இலவசம். பட்டாபிராமன் இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கினார்.

அப்புறம் ஒரு நாள் ராஜராஜன் கூப்பிட்டு அனுப்பினார். போய்ப் பார்த்தால், அவர் கம்ப்யூட்டர் எதிரில் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்.

"மேனேஜரே, டிரையருக்கு டீசல் வாங்க பணம் போட்டேன். என்ன சொல்லுது பாருங்க."

திரையில், 'சேர்மன் அய்யனாரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது' என்று இருந்தது.

"மெஷினுக்கே புரிஞ்சிருக்கு பாருங்க! உத்தரவு வரட்டும். காத்திருப்போம்."

"டீசல் இல்லாம டிரையர் நிக்குது முதலாளி. நெல்லு ஈரமா..."

"அவருக்குத் தெரியாதா?"

பட்டாபிராமன் வெளியே ஓடி வந்து வீட்டுக்குப் போன் போட்டார்.

"மதுரம், அப்ரூவ்னு ஒண்ணு வந்திருக்கும். அதைத் தொடு."

"தேங்காய் துருவிண்டிருக்கேன். எவ்வளவு ரூபாய்க்கு?"

"உனக்கெதுக்கு அது?"

"படிச்சுப் பார்க்காம ஒப்புதல் கொடுக்கப்படாதுன்னு உங்க ட்ரெயினிங்லதானே சொன்னா?" சிறிது நேரம் படித்துவிட்டு, "போன தடவை லிட்டருக்கு என்ன விலை போட்டான்?" என்றாள்.

"தாயே, தொடு!"

உள்ளே ராஜராஜனின் கண்கள் கலங்கியிருந்தன. "வந்துடுச்சு மேனேஜரே. உத்தரவு வந்துடுச்சு."

அதற்கப்புறம் அவர் சாக்கு வாங்குவதிலிருந்து டயர் மாற்றுவது வரை எல்லாவற்றையும் அய்யனாருக்கே அனுப்பினார். மதுரத்துக்கு வேலை குவிந்தது. பழைய டயரே இன்னும் ஆறு மாதம் ஓடும் என்று ஒன்றைத் திருப்பியும் அனுப்பிவிட்டாள்.

மாதம் முடிய ஒரு நாள் இருக்கையில் ஷைலஜா கூப்பிட்டாள்.

"சார், உங்க சேர்மன் தினமும் உள்ளே வர்றார். அப்ரூவல் எல்லாம் அவர்தான் பண்றார். இவரைப் போய் எப்படி வெளியாள்னு சொல்றது? சிஸ்டமே அவரை முழு யூசரா மாத்திடுச்சு. ஆக நாற்பத்தொண்ணு."

அன்று பட்டாபிராமன் யூசர் லிஸ்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிங்காரவேலுவை எடுக்கலாமா? அவனுக்கு இரண்டு பெண்கள், இரண்டும் ஸ்கூலில். சபரிநாதனுக்குத் தை மாதம்தான் கல்யாணம் ஆயிற்று. கணக்கு பார்க்கும் அனுசுயாவை எடுத்தால் மில்லே நின்றுவிடும். வாட்ச்மேன் குஞ்சிதபாதத்தை எடுத்தால் கேட் திறக்காது. ஒவ்வொரு பெயராக இறங்கி வந்தார். எந்தப் பெயரிலும் கை நிற்கவில்லை. கடைசியில் ஒரு பெயரில் நின்றது. அதை நீக்கிவிட்டு ராஜராஜன் அறைக்குப் போனார்.

"நாப்பது முதலாளி. என்னை எடுத்துட்டேன்."

ராஜராஜன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "அய்யனார் சித்தம்," என்றார். பிறகு சால்வை வாங்க ஆள் அனுப்பினார்.

மறுநாள் காலை மில் முற்றத்தில் விடைகொடுப்பு விழா. பட்டாபிராமன் கழுத்தில் ரோஜா மாலை, தோளில் சால்வை. ராஜராஜன் பேசினார். சிங்காரவேலு குத்தாலத்திலிருந்து வந்து அழுதான். விழாவுக்கு வந்திருந்த மதுரம் அதைவிடச் சத்தமாக அழுதாள். வீட்டில் துவரம் பருப்பு டப்பா அவள் கண்முன் வந்துபோயிற்று.

அந்த நேரத்தில் சென்னை ரயிலில் வந்த ஷைலஜா, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க ஃபைலோடு உள்ளே நுழைந்தாள்.

"கையெழுத்து அப்புறம் சார். முதல்ல உங்க சேர்மனைப் பார்க்கணும். ஒரு நாள் தவறாம காலையில லாகின். ஒவ்வொரு பில்லையும் படிச்சுப் பார்த்து ஒப்புதல். எங்க கஸ்டமர்ல இப்படி ஒருத்தர் கிடையாது. அவருக்குன்னு சர்ட்டிஃபிகேட் கொண்டு வந்திருக்கேன்."

பட்டாபிராமன் இருமினார். ராஜராஜனுக்கோ பெருமை தாங்கவில்லை. "செருப்பைக் கழட்டிட்டு வாங்கம்மா," என்று அவளைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். கூட்டம் முழுவதும் பின்னால் போயிற்று.

ஷைலஜா படத்தைப் பார்த்தாள். குதிரையைப் பார்த்தாள். திரும்பி, மாலையும் கழுத்துமாக நின்ற பட்டாபிராமனைப் பார்த்தாள்.

"லாகின் பண்ணாதவங்களுக்கு நாங்க காசே வாங்கறதில்லையே சார், இவரைப் போய் தினமும் லாகின் பண்ண வெச்சது யாரு?"