கஷ்டம் போதாது

"நாப்பது" என்றார் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர், கணினித் திரையைப் பார்த்தபடியே.

"மார்க்கா?"

"சான்ஸ். நூத்துக்கு நாப்பது."

ஏசி அறையிலும் சர்வேயருக்கு வியர்த்துவிட்டது. அவர் நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை. விபத்தில் அடிபட்ட கார்களைச் சுற்றிவந்து, எது நிஜச் சேதம், எது வீட்டில் சுத்தியலால் செய்த சேதம் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்கிறவர். இதுவரை ஒரு பொய் நசுங்கலும் அவரிடமிருந்து தப்பியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பக்கத்து நாற்காலியில் அவருடைய ஒரே மகள் உட்கார்ந்திருந்தாள். பள்ளியில் கடைசி வருஷம். கடல் உயிரினங்களைப் பற்றிப் படிக்க வேண்டும், அதுவும் அந்த ஒரு கல்லூரியில்தான் படிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அங்கே நூறு பேர் விண்ணப்பித்தால் மூன்று பேருக்கு இடம் கிடைக்கும்.

"மார்க் தங்கம் சார். நீச்சல் இருக்கு, பேச்சுப் போட்டி இருக்கு. ஒண்ணுதான் இல்ல" என்றார் ஆலோசகர்.

"என்னது?"

"கஷ்டம்."

சர்வேயருக்குப் புரியவில்லை. ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். "வர்ற அத்தனை பேரும் நல்ல மார்க்குதான். அப்புறம் எதை வச்சுப் பிரிப்பாங்க? பட்ட கஷ்டத்தை வச்சுத்தான். உங்க பாப்பா வாழ்க்கையில ஒரு மேடு பள்ளம் இல்ல. வழவழன்னு இருக்கு."

"நல்லா வளத்துட்டோம் சார்" என்றார் சர்வேயர், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"பரவாயில்ல, விடுங்க. இன்னும் நாலஞ்சு மாசம் இருக்கு."

மகள் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, நான் படிக்கணும்னுதான் கேட்டேன். கஷ்டப்படணும்னு கேக்கல."

"நீ சும்மா இரும்மா. பெரியவங்க பேசிட்டு இருக்கோம்ல."

மகள்மேல் அவருக்குப் பாசம் இல்லை என்று எதிரிகூடச் சொல்ல மாட்டான். அவளுக்காக எதை வேண்டுமானாலும் செய்வார். பிரச்சினையே அதுதான்.

மறுநாள் காலையில் வீட்டு வாசலில் கார் இல்லை.

"கார் எங்கங்க?" என்று மனைவி கேட்டாள்.

"வித்தாச்சு. அதாவது, உன் தம்பி வீட்டு ஷெட்டுல போர்வை போத்தி நிக்குது. யார் கேட்டாலும் வித்தாச்சுன்னு சொல்லு. இனிமே பாப்பா ஸ்கூலுக்கு நடந்துதான் போவா."

மழைக்காலம். மகள் நனைந்தாள், தும்மினாள், வாரத்தில் மூன்று நாள் முதல் மணி அடித்த பிறகு போய்ச் சேர்ந்தாள். அதுவரை ஒருநாளும் தாமதமாக வராத பெண்ணை முதல்வர் கூப்பிட்டுக் கண்டித்தார். தாமதக் கணக்கு பதிவேட்டில் ஏறியது.

"முப்பத்திரண்டு" என்றார் ஆலோசகர். "ஒழுங்கில்லாத பிள்ளைன்னு நினைப்பாங்க சார். கஷ்டம் வீட்டுக்குள்ள இருக்கணும். வெளியில தெரியக் கூடாது. ஆனா அவங்களுக்குத் தெரியணும்."

இந்தத் தத்துவத்தை சர்வேயர் வழியெல்லாம் அசைபோட்டபடி வீட்டுக்கு வந்து, மகளின் அறையிலிருந்த மேசையைத் தூக்கி ஸ்டோர் ரூமில் போட்டார். பல்பையும் கழற்றிக்கொண்டார். வெளிச்சமில்லாமல் படித்து முன்னுக்கு வந்த பிள்ளை என்றால் எந்தக் கல் மனசும் கரையுமே.

அவள் கெட்டிக்காரி. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கே விளக்கு இருந்தது. வெளியே அப்பாவும் அம்மாவும் மாறி மாறிக் கதவைத் தட்டினார்கள்.

"இன்னும் எவ்வளவு நேரம்டி?"

"ஒரு பாடம்தாம்மா இருக்கு."

"எனக்கு அவசரம்டி."

தட்டிய தட்டில் பாதிப் பாடம் மண்டையில் ஏறவில்லை. அரையாண்டுத் தேர்வில் இயற்பியல் காலை வாரிவிட்டது. ஆலோசகரின் திரையில் சான்ஸ் இருபத்தைந்துக்கு இறங்கியது.

"சில்லறைக் கஷ்டமெல்லாம் வேலைக்கு ஆகாது சார்" என்று அவர் பேனாவைச் சுழற்றினார். "பெருசா யோசிங்க. உடைஞ்ச குடும்பம்னா ஒரு கனம் இருக்கும்."

அன்று சாயங்காலமே சர்வேயர் ஒரு பெட்டியோடு மச்சான் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். போகும்போது வாசலில் நின்று, "மனசைத் தேத்திக்க. எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான்" என்று மனைவியிடம் தழுதழுத்தார்.

"அவசரப்படாதீங்க. நிதானமாவே வாங்க" என்றாள் அவள்.

அவர் தெருமுனையைத் தாண்டும் முன்பே பல்பு பழைய இடத்துக்கு வந்துவிட்டது, மேசையும் வந்துவிட்டது. அம்மாவும் மகளும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சீட்டு விளையாடினார்கள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்பதாக அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அடுத்த தேர்வில் மகள் வகுப்பில் முதலிடம். 'அண்மைக்காலமாக மிகுந்த மகிழ்ச்சியுடன் காணப்படுகிறாள்' என்று வகுப்பாசிரியை அறிக்கையே எழுதிவிட்டார்.

ஆலோசகர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்பா விட்டுட்டுப் போன துக்கம் மருந்துக்குக்கூட இல்லையே சார். பதினெட்டு."

"அப்ப நான் வீட்டுக்குத் திரும்பிடவா?"

"திரும்பிக்கங்க. ஆனா விண்ணப்பத்துல பிரிஞ்சு போயிட்டதா எழுதி அனுப்பியாச்சு. அது அப்படியே இருக்கட்டும். இப்ப ஒரே வழிதான் பாக்கி. உங்க வேலை."

"என் வேலைக்கு என்ன?"

"போயிடுச்சுன்னு ஆபீஸ்ல ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. சும்மா பேருக்குத்தான்."

சர்வேயர் மேலாளர் முன்னால் போய் நின்று, தலையைச் சொறிந்து, விஷயத்தைச் சொன்னார். மேலாளர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இத்தனை வருஷமா இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன் சார். நீங்களே வந்து கேக்கறீங்க."

"சும்மா பேருக்குத்தானே சார்?"

"இல்ல சார். நல்ல காரியத்துல எதுக்குப் பொய்? நிஜமாவே குடுத்துடறேன்."

ஆயிரம் பொய்ச் சேதத்தைப் பிடித்தவர், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு வெளியே வந்தார். கடிதத்தைப் பார்த்ததும் ஆலோசகரின் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியும் விட்டது.

"அருமையான கஷ்டம் சார். ஆனா வேலையில்லாத அப்பா எப்படிப் படிக்க வைப்பார்னு யோசிப்பாங்களே. பத்துதான் வருது."

அதற்குள் நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டது. அப்பா பிரிந்து போய்விட்டதாக விண்ணப்பம் சொல்வதால், சர்வேயர் தாய்மாமனாகக் கூடப் போவது என்று முடிவாயிற்று.

"அம்மா வரட்டுமேப்பா" என்றாள் மகள்.

"உங்கம்மா இப்பல்லாம் சும்மா சும்மா சிரிக்கறா. காரியம் கெட்டுடும். அப்புறம், அப்பான்னு கூப்பிடாத. மாமான்னு சொல்லு."

"சரிப்பா."

பேருந்தில் எதற்குப் பிறகு எதைச் சொல்ல வேண்டும், எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்று அவர் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். தற்செயலாக அவள் காலணியைக் கவனித்தார். நடந்து நடந்து குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. இடம் கிடைக்காவிட்டால் இந்தக் குழந்தையின் முகத்தில் எப்படி விழிப்பது என்று முதல்முறையாகப் பயந்தார்.

"பாப்பா, என்மேல கோவமா?"

"உள்ள கேட்டா சொல்றேன்" என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, "மாமா" என்று சேர்த்துக்கொண்டாள்.

நேர்காணல் அறையிலிருந்து மற்ற பிள்ளைகள் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்கள். மகள் உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகியும் கதவு திறக்கவில்லை. ஒருமுறை உள்ளே தண்ணீர் போயிற்று. பேராசிரியை ஒருவர் வெளியே ஓடிவந்து, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே ஓடினார். அழுகையா சிரிப்பா என்று சர்வேயரால் மதிப்பிட முடியவில்லை.

கடைசியில் அலுவலக உதவியாளர் தேநீர்த் தட்டோடு வெளியே வந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?"

"தாய்மாமன்."

"வாழ்த்துக்கள் சார். எடம் குடுத்துட்டாங்க. ஹாஸ்டலுக்கும் சேத்தே கையெழுத்துப் போட்டாச்சு. படிப்புச் செலவு மொத்தமும் காலேஜே பாத்துக்குது."

சர்வேயர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் பொலபொலவென்று நீர் வழிந்தது. மழையில் நடந்தது, குளியலறை, பிரிவு, போன வேலை, எல்லாம் வீண்போகவில்லை.

"எதைக் கேட்டு மனசு எளகினாங்க? காரை வித்ததா? வேலை போனதா?"

உதவியாளர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தார்.

"தாய்மாமன்கறதால சொல்றேன், வெளியில விட்டுடாதீங்க. உன் வாழ்க்கையில பெரிய கஷ்டம் என்னன்னு கேட்டதுக்கு 'எங்கப்பா'ன்னு ஒரே வார்த்தைதான் சார் சொன்னா. மிச்ச ஒரு மணி நேரமும் அதுக்கு உதாரணம்தான்."