பன்றியிடம் பகை இல்லாதவரின் துப்பாக்கி

ஹினோசவா என்னும் மலையடிவார ஊரில், தபால் நிலையத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற மிசுமா, தமது அறுபத்தோராவது வயதில் ஒரு துப்பாக்கி வாங்குவதென்று தீர்மானித்தார். காரணம் ஒரு காட்டுப்பன்றி. மேற்படி பன்றி செப்டம்பர் பிறந்ததும் மலையிலிருந்து இறங்கி வரும். அவர் நட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டு ஆற அமரத் திரும்பிப் போகும். சொந்தத் தோட்டம் வைத்திருக்கும் மனிதர் மூன்று வருடமாகக் கடையில் கிழங்கு வாங்கித் தின்றார். அந்த அவமானம் அவருக்குத் தாங்கவில்லை.

அந்த நாட்டு வழக்கப்படி முதலில் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகுதான் அதை வைத்துக்கொள்ள அனுமதி கேட்க வேண்டும். அதுவரை துப்பாக்கி நிச்சயதார்த்தம் முடிந்த பெண்ணைப் போலக் கடையிலேயே காத்திருக்கும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி அனுமதி. இந்தப் பாட்டை ஆயுளில் ஒரு தடவைக்கு மேல் பட முடியாது என்று மிசுமாவுக்குப் பட்டது. ஆகவே பயிற்சி மைதானத்தில் வானில் வீசப்படும் களிமண் தட்டுகளைக் குறிபார்த்துச் சுடவும் காட்டில் வேட்டையாடவும் ஒன்றே போதும் என்கிற மாதிரி, குழல் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றைக் கையைக் கடிக்காத விலையில் தேடிக் கிளம்பினார்.

ஒரிகாசாவின் துப்பாக்கிக் கடையில் வேட்டைச் சங்கத் தலைவர் குஜிராய் ஏற்கெனவே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஆலோசனை சொல்ல ஆள் கிடைத்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இதைப் பாருங்க. இத்தாலிச் சரக்கு. பக்கவாட்டுல வாத்து பறக்குது பாருங்க, ஒவ்வொரு இறகும் கையால செதுக்கினது. என்கிட்ட இருக்கறதும் இதேதான்."

"பன்றி இந்த வாத்தைப் பார்க்குமா, குஜிராய் சான்?"

"பன்றிக்கா செதுக்கியிருக்கான்? சங்கத்துல நாங்க பார்ப்போம்ல!"

"நீங்க இதை வச்சு எத்தனை பன்றி அடிச்சிருக்கீங்க?"

குஜிராய் பதறிப்போனார். "இதைப் போய்க் காட்டுக்குள்ள கொண்டுபோறதா? முள்ளு கீறிடாது?"

ஒரிகாசா உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தார். "முப்பது வருஷப் பழசு. நம்ம ஊர்ச் சரக்கு. வாத்து, கொக்கு எதுவும் கிடையாது. ஆனா கீல் ஆடல, பூட்டு இறுக்கமா இருக்கு. தட்டு சுடறவங்க நீளக் குழல் கேப்பாங்க, காட்டுக்குப் போறவங்க குட்டைக் குழல் கேப்பாங்க. இது நடுவாந்தரம். கண்ணை மூடிட்டுத் தோள்ல வைங்க. ம், இப்ப திறங்க."

மிசுமா திறந்தார். குழல் அவர் பார்வைக்கு நேரே நின்றது.

"கொஞ்சம் கனமா இருக்கே?"

"கனமா இருந்தா தட்டு சுடும்போது தோள் வலிக்காது, மலை ஏறும்போது கால் வலிக்கும். எது வலிச்சாப் பரவாயில்லைன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

இத்தாலிச் சரக்கின் விலையில் அது பத்தில் ஒரு பங்குதான். மிசுமா கால் வலியைத் தேர்ந்தெடுத்தார். குஜிராய் துக்கம் விசாரிக்க வந்தவரைப் போல அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்து காவல் நிலையம். துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் நெமோதோ தங்கமான மனிதர். விதியில் இல்லாத எதையும் கனவிலும் நினைக்க மாட்டார். படிவத்தில் 'தட்டு சுடுதல்', 'வேட்டை' என்று இரண்டு கட்டம் இருந்தது. மிசுமா இரண்டிலும் குறியிட்டார். காரணம் என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினார்: 'பன்றிமேல் கோபம்.'

நெமோதோ பேனாவைக் கீழே வைத்தார். "மிசுமா சான், நீங்க கோபக்காரரா?"

"ஐயோ இல்லீங்க. பன்றிமேல மட்டுந்தான்."

"பகை மனசுல இருக்கறவங்களுக்குத் துப்பாக்கி தரக்கூடாதுங்க."

"அது மனுஷங்கமேல இருக்கற பகைங்க…"

"மனுஷங்கன்னு இதுல போடலையே."

"சரி. பகை இல்லைன்னே எழுதிடறேன்."

"பகை இல்லாமயே சுடுவீங்களா? காரணமே இல்லாம உயிரை எடுக்கறவர்னா அது இன்னும் மோசம்ங்க."

மிசுமாவுக்கு வியர்த்தது. "அப்ப, மரியாதையோட சுடறேன்னு எழுதட்டுமா?"

நெமோதோவின் முகம் மலர்ந்தது. "அருமை! அப்படியே எழுதுங்க. தட்டுமேல ஏதாவது மனஸ்தாபம்?"

"எதுவும் இல்லீங்க."

ஆக, மேற்படி பன்றியின்மீது விண்ணப்பதாரருக்குத் தனிப்பட்ட விரோதம் ஏதுமில்லை என்றும், மரியாதை நிமித்தமாகவே சுட உத்தேசித்துள்ளார் என்றும் கோப்பில் ஏறியது.

பிறகு அக்கம்பக்க விசாரணை. பக்கத்து வீட்டில் தனியாக இருந்துகொண்டு முள்ளங்கி பயிரிடும் தொமிகோவிடம் நெமோதோ போனார்.

"மிசுமா சான் குடிப்பாரா?"

"புத்தாண்டுக்கு ரெண்டு கிண்ணம். குடிச்சுட்டுப் பாடுவாரு. அதைத் தவிர அவரால யாருக்கும் ஒரு கெடுதலும் கிடையாது. நல்ல மனுஷன், குடுங்க."

மார்ச்சில் போட்ட விண்ணப்பத்துக்கு அக்டோபர் கடைசியில் அனுமதி வந்தது. அதற்குள் பன்றி கடைசிக் கிழங்கையும் முடித்துவிட்டு மலையேறியிருந்தது. வேட்டைக் காலம் நவம்பர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரியில் முடியும். பன்றி செப்டம்பரில் வந்து அக்டோபரில் போகும். அது எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. காலம் தவறிச் சுட வேண்டுமானால் ஊராட்சியின் சிறப்பு அனுமதி வேண்டும். அதற்குச் சங்கத் தலைவரின் பரிந்துரை வேண்டும். வாத்து இல்லாத துப்பாக்கிக்குப் பரிந்துரை எழுதினால் சங்கத்தின் தரம் என்னாவது என்று குஜிராய் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

இப்படி இரண்டு குளிர்காலம் போயிற்று. ஒவ்வொரு வசந்தத்திலும் நெமோதோ துப்பாக்கியை அளந்து பார்த்து, போன வருடத்தைவிட வளரவில்லை என்று உறுதி செய்துகொண்டார். மூன்றாம் வருடம் அளந்து முடித்ததும் தொண்டையைச் செருமினார்.

"தட்டு சுட்ட கணக்கு ஒழுங்கா இருக்கு. வேட்டைக் கட்டந்தான் காலியா கிடக்கு. வர்ற குளிர்காலமும் சுடலைன்னா அந்தக் கட்டத்தை அடிச்சுடுவோம். உபயோகிக்காத அனுமதி ஆபத்துங்க."

மிசுமாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. ஆனால் அந்த வருடம் அவருக்கு ஒரு நல்ல காலம் பிறந்தது: பன்றிக்கு முள்ளங்கி ருசி பட்டுவிட்டது. முள்ளங்கி குளிர்காலப் பயிர். எனவே பன்றி தங்கும். தங்கினால் நவம்பரில் சுடலாம். அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே நெமோதோ கோப்புகளோடு வந்து வாசலில் நின்றார்.

"தொமிகோ சான் துப்பாக்கி கேட்டிருக்காங்க. முள்ளங்கியைப் பன்றி தின்னுதாம். எல்லாம் முடிஞ்சுது, நவம்பருக்குள்ள கொடுத்துடலாம். உங்க வார்த்தை ஒண்ணுதான் பாக்கி. உண்மையாங்க அது?"

இருப்பது ஒரு பன்றி. அது முதலில் கால் வைப்பது தொமிகோவின் தோட்டத்தில். அவள் முந்திக்கொண்டால் தமது கட்டம் போயிற்று. தமக்காக அவள் சொன்ன நல்ல வார்த்தை மிசுமாவுக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது, வெட்கமாகவும் இருந்தது. இருந்தாலும் வாய் தானாகத் திறந்தது.

"பன்றியா? இந்தப் பக்கமா? நான் பார்த்ததே இல்லையே."

"பன்றி இல்லை," என்று நெமோதோ எழுதிக்கொண்டார். கையெழுத்துக்குப் பதிலாக அதில் மிசுமாவின் பெயர் முத்திரையை வாங்கினார். பிறகு பையிலிருந்து இரண்டாவது கோப்பை எடுத்தார். அதில் மிசுமாவின் பெயர் இருந்தது. "பன்றியே இல்லாத ஊர்ல உங்களுக்கு எதுக்குங்க வேட்டைக் கட்டம்?" அளவுகோல் வைத்துக் கோணாமல் ஒரு கோடு போட்டார். அதற்கும் முத்திரை வாங்கினார்.

ஹினோசவா அதிகாரபூர்வமாகப் பன்றியற்ற ஊராயிற்று. வேலி போட ஊராட்சி கொடுத்து வந்த உதவி நின்றது. சாதனை சங்கத்துடையது என்று குஜிராய் ஊர் எல்லையில் பலகை நட்டார். மிசுமா சனிக்கிழமைதோறும் நாற்பது கிலோமீட்டர் போய், யார் கிழங்கையும் தின்றறியாத களிமண் தட்டுகளைச் சுட்டு வருகிறார். இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு விழுகிறது.

டிசம்பரில் ஒரு காலை தொமிகோ வந்தாள். விண்ணப்பம் தள்ளுபடி என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று சொல்லவில்லை.

"இந்த ஆபீஸ்காரங்களுக்குக் கண்ணே தெரியாது, மிசுமா சான். நீங்க எனக்காக எவ்வளவோ எடுத்துச் சொல்லியிருப்பீங்க. தின்னது போக மூணு முள்ளங்கிதான் மிச்சம். ஒண்ணு உங்களுக்கு."

ஒரு பக்கம் பல் பதிந்திருந்த அந்த முள்ளங்கியை மிசுமா இரண்டு கையாலும் வாங்கி, தேவைக்கு மேலேயே குனிந்து வணங்கினார்.

"எது கடிச்சதுன்னு பார்த்தீங்களா?" என்றாள் தொமிகோ.

மிசுமா முள்ளங்கியின் கடிபட்ட பக்கத்தைத் தம் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். ஊரில் பன்றி இல்லை என்ற தாளில் முத்திரை வைத்தவர் அவர்தான்.