கறுப்பு அட்டைப் புத்தகமும் நூற்றிருபது நாளும்

ஓய்வு பெற்ற நாலாம் மாதம் நைனா முகமது ஒரு முடிவுக்கு வந்தார். மனைவியை ஜெயிக்க வாய் போதாது. தேற்றம் வேண்டும்.

முப்பத்து மூன்று வருஷம் வாயால் முயன்று பார்த்தவர்தான். திண்டுக்கல்லில் கணக்கு வாத்தியார். அவர் வகுப்புக்குள் நுழைந்தால் மின்விசிறிகூடச் சத்தமில்லாமல் சுற்றும் என்பார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் அவர் சத்தமில்லாமல் சுற்றுவார்.

இப்போது பிரச்சினை ஓர் அறை. மகள் பாஸிலா கல்யாணமாகித் திருச்சிக்குப் போனதில் காலியானது. பத்துக்குப் பத்து. கிழக்கே ஜன்னல். முக்கியமாக, கதவு உண்டு. அந்தக் கதவின் மேல்தான் அவருக்கு ஆசை. இத்தனை வருஷமும் சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்தியவர். எத்தனையோ பிள்ளைகளின் நூற்றுக்கு நூறில் மீன் ஆணம் சொட்டியிருக்கிறது. சாவதற்குள் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் படிக்க வேண்டும். அவ்வளவுதான்.

தாஹிராவுக்கும் அதே அறை வேண்டும். தையல் மிஷின் போட.

"ஹால்ல வச்சுத் தச்சா வாரவ போறவ எல்லாம் அளவு ரவிக்கையப் பாத்துட்டுப் போறாளுக."

"கணக்குக்கு அமைதி வேணும் தாஹிரா."

"ரவிக்கைக்கும் கணக்குத்தாங்க. ஒங்க கணக்கு தப்பினா அழிச்சுட்டு எழுதலாம். என் கணக்கு தப்பினா போட்டவ கையத் தூக்க முடியாது."

  

பாஸிலாவிடம் போனில் புலம்பினார். "அத்தா, அம்மாவ ஜெயிக்கணும்னா நீங்க கேம் தியரிதான் படிக்கணும்" என்று சிரித்தாள். அவள் சிரித்ததை அவர் கவனிக்கவில்லை. ஒரே பொருளுக்கு இரண்டு பேர் மோதினால் யார் என்ன செய்வது லாபம் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் பாடம் அது. கேட்டதும் மூன்று புத்தகங்களுக்கு ஆர்டர் போட்டார். பிடித்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பத்து நாளைக்குள் திருப்பிவிடலாம்.

சிவப்பு அட்டை, நீல அட்டை, கறுப்பு அட்டை. மேஜையில் வரிசையாக வைத்தார். அவருடைய சோதனை எளிது. மூன்றிலும் ஒரே தேற்றத்தைத் திறந்தார். அதற்கு நிரூபணம் உண்டா, இல்லையா?

சிவப்பில் நிரூபணமே இல்லை. கதை இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் படம் வேறு.

"இது புஸ்தகமா? காலண்டர்."

நீலத்தில் நிரூபணம் தொடங்கியது. நாலு வரி ஓடியது. ஐந்தாம் வரியில், 'மீதம் எளிதில் காணத்தக்கது. வாசகருக்குப் பயிற்சியாக விடப்படுகிறது' என்று முடிந்தது. நைனா முகமது புத்தகத்தைப் படாரென்று மூடினார்.

"காசு வாங்கிக்கிட்டு நம்மளையே செய்யச் சொல்றான் பாரு!"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தாஹிரா எட்டிப் பார்த்தாள். "நானும் ஒருத்திக்குத் துணிய வெட்டிக் குடுத்து, மீதிய நீயே தச்சுக்கன்னு சொல்லிப் பாக்கவா?"

"அதத்தான் சொல்றேன்!"

கறுப்புப் புத்தகம் வேறு ஜாதி. பதினொரு பக்கம் நிரூபணம். ஒரு எழுத்தை உபயோகிக்குமுன் அது யார், எந்த ஊர் என்று சொல்லிவிட்டுத்தான் உபயோகிக்கிறான். நாலு நிபந்தனை போடுகிறான். ஒவ்வொன்றையும் உருவிப் பார்த்து, இதை எடுத்தால் தேற்றம் இந்த இடத்தில் சரியும் என்று காட்டுகிறான். உண்மையிலேயே நல்ல வேலை. படித்து முடித்தபோது நைனா முகமதுவின் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் ஒரு காரணம். அது மட்டுமல்ல.

"கறுப்பே இருக்கட்டும்" என்றாள் தாஹிரா. "பெரிய கணக்கு வாத்தியாரு, படம் போட்ட புஸ்தகம் படிச்சாருன்னு பக்கத்து வீட்டு இனிகோ சாருக்குத் தெரிஞ்சா மானம் போகும். மத்தத நானே கொரியர்க்காரர்ட்ட குடுத்து விடுறேன்."

எவ்வளவு பொறுப்பு! அவருக்கே ஆச்சரியம்.

தாஹிராவைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். ப்ளஸ் டூவில் கணக்கில் அவள் வாங்கியது இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. அதற்கப்புறம் கல்யாணம். இன்னொன்று, அவளுடைய அத்தா ஆட்டுத் தரகர். சந்தையில் ஆட்டுக்கு விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கையையும் ஒரு துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்குத் துண்டு அசைவதுதான் தெரியும். சின்ன வயதில் அத்தாவுக்குச் சோறு கொண்டுபோன தாஹிராவுக்குத் துண்டு அசைவதே போதும். விலையைச் சொல்லிவிடுவாள். இது நைனா முகமதுவுக்கும் தெரியும். முப்பத்து மூன்று வருஷத்தில் மறந்துவிட்டது.

மூன்று வாரம் கறுப்புப் புத்தகத்தில் மூழ்கினார். இருபத்தேழாம் பக்கத்தைத் தாண்டவே எட்டு நாள். ஒரு வியாழக்கிழமை மதியம், சோற்றில் கை வைக்காமல் அறிவித்தார்.

"ஏலம் போடுவோம்."

"ரூமுக்கா?"

"ஆமா. ரெண்டு பேரும் ஆளுக்கொரு சீட்டுல நாள் எழுதணும். கூட எழுதுனவருக்கு ரூம். ரூம் கெடச்சவரு மத்தவரு வேலையச் சேத்துப் பாக்கணும். எனக்குக் கெடச்சா ஒன் சமையல் என் தலையில. ஒனக்குக் கெடச்சா கடைகண்ணி, கரண்டு பில்லு, மோட்டார் போடுறது எல்லாம் ஒன் தலையில."

"எத்தன நாளைக்கு?"

"அங்கதான் அழகு! தான் எழுதுன நாளுக்கு இல்ல. தோத்தவரு எழுதுன நாளுக்கு."

"அப்ப பொய்யா எழுதலாமே?"

நைனா முகமது எழுந்தே நின்றுவிட்டார். "முடியாது! இதுக்குன்னே வேற தேற்றம் இருக்கு. மனசுல எம்புட்டோ அத அப்படியே எழுதுறதுதான் உத்தமம். கூட்டி எழுதினா நஷ்டம் வரலாம். கொறச்சு எழுதினா ரூம் போயிரலாம். அரப் பக்கம் நிரூபணம். ஊசி நொழைய எடம் இல்ல."

"அப்ப நீங்க உள்ளத உள்ளபடிதான் எழுதுவீங்க."

"நிரூபிச்ச பெறகு வேற எப்படி எழுதுறது?"

"அதுவும் சரிதான்" என்று தாஹிரா அவர் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். அன்றே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மீன் நன்றாக இருந்தது. சாப்பிட்டார்.

மறுநாள் ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் ஏலம். சாட்சிக்குப் பக்கத்து வீட்டு இனிகோ. அவரோடு ஒரே பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர்.

நைனா முகமது யோசித்தார். அந்தக் கதவுக்காக எத்தனை நாள் அடுப்படியில் நிற்கலாம்? நேர்மையாக யோசித்தார். தேற்றம் நேர்மையைக் கேட்கிறது. எதை எண்ணினாலும் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணுவது அவர் பழக்கம். நாளென்றால் ஒரு கணுவுக்குப் பத்து. நோன்புக்கு இன்னும் எத்தனை நாள் என்று வருஷா வருஷம் அப்படித்தான் எண்ணுவார். இன்று எதிரில் தாஹிரா உட்கார்ந்திருக்கிறாள். பார்த்துவிடுவாளே! ஜாக்கிரதையாகத் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கையின் மேல் போட்டு மூடிக்கொண்டார்.

தாஹிரா துண்டைப் பார்த்தாள். அது சுண்டுவிரலில் தொடங்கி ஆள்காட்டி விரல் வரைக்கும் மெல்ல ஊர்ந்து, அடிக்கணுவில் நின்றது. மொத்தம் பன்னிரண்டு கணு.

பேனாவை எடுத்தாள். எழுதினாள். மடித்தாள்.

இனிகோ சீட்டுகளைப் பிரித்தார். "நைனா சார், நூத்தி இருவது நாள்."

"தாஹிரா எம்புட்டு?" என்றார் நைனா முகமது.

"நூத்தி பத்தொம்பது."

நைனா முகமது சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

"ஜெயிச்சுட்டீங்க!" என்று தாஹிரா கை தட்டினாள். "முப்பத்து மூணு வருசத்துல மொத தடவ. இனிகோ சார், பாயசம் சாப்பிட்டுத்தான் போகணும். இன்னிக்கு நான் வைக்கிறேன். நாளைலேருந்துதான் இவுக."

"தாஹிரா... எப்படி?"

"துண்டுக்கு அடில வெல பேசுற எடத்துலயே வளந்தவ நானு. என் முன்னாலயே துண்டு போடுறீங்களே, என்ன தைரியம்!"

இனிகோவுக்கு ஒரு சந்தேகம். "ஒருவேள கணிச்சது தப்பியிருந்தா?"

"தப்பினா ரூம் எனக்கு. கரண்டு பில்லு கட்டுறதா பெரிய வேல? போன்லயே கட்டிருவேன்."

இனிகோ இரண்டு கையையும் குவித்து அவளைக் கும்பிட்டார். பிறகு நண்பர் தோளில் தட்டினார். "கவலப்படாதீங்க சார். நூத்தி இருவது வரைக்கும் குடுக்கத் தயாரா இருந்தீங்க. நூத்தி பத்தொம்பதுக்கு முடிஞ்சிருச்சு. தேற்றம் பொய்யாகல. ஒரு நாள் லாபம்."

உண்மை. கறுப்புப் புத்தகத்தில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. நைனா முகமது அன்று மாலை மறுபடி நிரூபணத்தை வரி வரியாகச் சரிபார்த்தார். ஊசி நுழைய இடமில்லை. அந்த நிலையிலும் ரசித்தார். அவர் உண்மையான வாத்தியார்.

மறுநாள் காலை மேஜையை அந்த அறைக்குள் இழுத்துப் போட்டார். கறுப்புப் புத்தகத்தை வைத்தார். கதவைச் சாத்தினார். ஆஹா. முப்பத்து மூன்று வருஷத் தவம்.

"மணி பத்தரை" என்று கதவுக்கு வெளியே குரல் கேட்டது.

அடுப்படிக்குப் போனார். அரிசி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. மேல் தட்டைத் துழாவியதில் கைக்கு வந்தது அரிசி டப்பா அல்ல. சிவப்பு அட்டைப் புத்தகம். திரும்பிப் போயிருக்க வேண்டிய புத்தகம். ஒரு பக்கம் மடித்திருந்தது. அதில் ஒரு வாக்கியத்தின் கீழே தையல் சாக்பீஸால் கோடு: 'கணக்கைப் பார்க்குமுன், எதிரே உட்கார்ந்திருப்பவர் யாரென்று பார்.'

நிரூபணம் இல்லை. படம் இருந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது கடகடவென்று மிஷின் சத்தம் வந்தது. அவர் அறையிலிருந்து.

"தாஹிரா! அது என் ரூம்!"

"ஒங்க ரூம்தான். யாரு இல்லேன்னா? நீங்க அடுப்படில நிக்கிற நேரம் சும்மாதான கெடக்கு? நூத்தி பத்தொம்பது நாளு செத்த உக்காந்துட்டுப் போறேன்."

ஒருவழியாக அரிசியைக் கண்டுபிடித்து உலை வைத்தார்.  உலை கொதித்தது. மீன் கழுவாமல் கிடந்தது. தேற்றத்தை ஓரமாக வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பணிவோடு ஒரு சந்தேகம் கேட்டார்.

"தாஹிரா... ஆணத்துக்குப் புளி எம்புட்டு கரைக்கணும்?"

மிஷின் நின்றது. அறையின் கதவு இதமாகச் சாத்திக்கொண்டது. உள்ளிருந்து குரல் வந்தது:

"வாசகருக்குப் பயிற்சியா விட்டிருக்குங்க!"