மாப்பிள்ளை வரும் நாளில் வீட்டைக் குளிப்பாட்டிய கதை

கையில் துப்பாக்கி வந்துவிட்டால் மனிதனுக்குத் தலைகால் புரியாது. அது தண்ணீர் பீய்ச்சுகிற துப்பாக்கியாக இருந்தாலும் சரிதான்.

அப்போது கோவில்பட்டியில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தேன். தங்கை மாலாவைப் பெண் பார்க்கக் கழுகுமலையிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் “வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்” என்று கிளம்பியவர்கள்தான். (இன்னும் வீடு போய்ச் சேரவில்லை போலும்.) மாலா கேலி பேசிச் சமாளித்தாள். ஆனால் மூன்றாவது தடவையாக அதே பட்டுச்சேலையை எடுத்து உதறியபோது அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அண்ணன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறேன்? வீட்டின் முன்சுவரைப் பார்த்தேன். கரிசல் புழுதி அப்பி, அதன்மேல் மழை வடிந்து, விறகடுப்புச் சட்டியின் அடிப்பாகம் மாதிரி இருந்தது. பைக்குகளுக்கு வாட்டர் வாஷ் செய்யும் நண்பன் காதரிடம் மிஷினைக் கேட்டேன்.

“தள்ளி நின்னு அடி மாப்ள. கிட்டப் போனா சுண்ணாம்பு பேந்துரும்” என்று சொல்லித்தான் கொடுத்தான். (நான் கேட்கிற ஆளா?)

அவர்கள் வரும் நாள் காலையில்தான் தண்ணீர் லாரி வந்தது. தொட்டி நிறைந்ததும் குழாயை உள்ளே விட்டேன். அப்பா பதறி ஓடி வந்தார்.

“ஏலே, மனுசன் குளிக்கத் தண்ணியில்ல. நீ வீட்டைக் குளிப்பாட்டுதியோ?”

“நீங்க உள்ள போங்கப்பா. வீடு எப்படி மாறுதுன்னு மட்டும் பாருங்க.”

மாறியது. முதலில் புழுதி போனது. உற்சாகத்தில் இரண்டடி கிட்டப் போனேன். சுண்ணாம்பு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. உள்ளேயிருந்து சிவப்பாக ஏதோ தெரியவே, அழுக்கென்று நினைத்து இன்னும் ஆவேசமாக அடித்தேன். அது அழுக்கில்லை, எனாமல் பெயிண்ட். நான் அடிக்க அடிக்க எழுத்துகள் பளபளத்தன.

‘மூலம், பவுத்திரம், மலச்சிக்கல். ஆபரேஷன் இன்றி நிரந்தரத் தீர்வு. உள்ளே வரவும்.’

அதன் கீழே எங்கள் வாசலைக் காட்டி ஆளுயரத்துக்கு ஓர் அம்புக்குறி.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா அந்த வீட்டை ஒரு மூல வைத்தியரிடமிருந்து வாங்கினாராம். இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

ஈரச்சுவரில் சுண்ணாம்பு ஒட்டவில்லை. அம்மா ஒரு போர்வையைக் கட்டித் தொங்கவிட்டாள்; கோவில்பட்டிக் காற்று அதைப் பிடுங்கி எதிர்வீட்டு முருங்கைமரத்தில் போட்டது. அதற்குள் கார் வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அப்பா பெரிய மீசைக்காரர். இறங்கினார். சுவரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நிதானமாக வாசித்தார். பிறகு அம்புக்குறி காட்டிய வழியே உள்ளே போனார். மாலா கதவிடுக்கு வழியாக என்னைப் பார்த்த பார்வையில் நான் இருமுறை செத்தேன்.

எல்லாரும் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, மஞ்சள் பையோடு ஒரு பெரியவர் நேரே உள்ளே வந்து மீசைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார், கொஞ்சம் சாய்வாக.

“விளாத்திகுளத்துலேர்ந்து வாரேன். போர்டைப் பாத்தேன். அண்ணாச்சி, ஒங்களுக்கு எம்புட்டு நாளா இருக்கு?”

“நாங்க பொண்ணு பாக்க வந்திருக்கோம்” என்றார் மீசைக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு.

பெரியவர் முகம் வெளிறிவிட்டது. “என்னது, பொண்ணா பாக்கும்? ஆம்பள வைத்தியர் இல்லியா?”

சரியாக அந்த நேரம் பார்த்து மாலா காப்பித் தட்டோடு வந்தாள். பெரியவர் பையை மார்போடு அணைத்தபடி எழுந்தார். “தாயி, நீயா பாக்கப்போற? எனக்கு வேண்டாந்தாயி. நான் இப்படியே இருந்துக்கிடுதேன்!”

மாலா தட்டை என் கையில் திணித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தாள். அடக்கமாக அல்ல, கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அம்மா தலையில் கைவைத்தாள். ஆனால் எதிரே மாப்பிள்ளையும் நாற்காலி ஆட ஆடச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒருவரைப் பார்த்து ஒருவர் நிறுத்த முயல்வதும், மறுபடி வெடிப்பதுமாக இருந்தார்கள்.

“அப்பா, எனக்குச் சம்மதம்” என்றார் மாப்பிள்ளை, மூச்சு வாங்க. மாலா கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

மீசைக்காரர் எழுந்து என் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். வரன் போச்சு என்றே நினைத்தேன். அவர் என் காதருகே குனிந்தார்.

“தம்பி, அந்த வைத்தியர் இப்ப எங்கன இருக்காரு?”

அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். சீர்வரிசை ஆயிரம் செய்யலாம். தங்கைக்கு வீட்டுச் சுவரைக் கொண்டே மாப்பிள்ளை பிடித்த அண்ணன் இந்தக் கரிசல் காட்டில் நான் ஒருவன்தான் என்று இன்றும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறேன். அவர்களுக்குள் சண்டை வரும்போதெல்லாம் மச்சான் எனக்குப் போன் போடுவார்.

“நிரந்தரத் தீர்வுன்னு எழுதியிருந்ததை நம்பித்தானய்யா உள்ள வந்தேன்!”